ஒட்டுதலும் விடுதலும்



முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். அவ்வளவு காலமும் சிறு பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பக் கூறிவந்த அறிவுரைகளுள் ஒன்று, "அழுத்தித் தேய்க்காதே, எழுத்து போவதற்கு முன் தாள் போய்விடும்" என்பது. பென்சிலால் தவறாக எழுதிவிட்ட குழந்தை, ஆசிரியர் பார்ப்பதற்குள் அதை அழித்துவிட வேண்டும் என்ற பதைப்பில் ரப்பரை வைத்து அழுத்தும். தாள் கிழியும். பிறகு தவறும் மறையாது, தாளும் இராது. இதைப் பலமுறை கண்டவன், பலமுறை திருத்தியவன், ஓய்வு பெற்ற பின் அந்த அறிவுரையை மறந்தேன். மறந்ததனால் எனக்கு நேர்ந்த ஓர் இழப்பையும், அதனை முன்னிட்டு நான் தேடிக் கற்ற ஒரு சிறு வரலாற்றையும் இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

என் அண்ணன் 1976-ஆம் ஆண்டில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். கருஞ்சிவப்பு வண்ணம், பெட்ரோல் தொட்டியின் இருபுறமும் கையால் இழுத்த பொன்னிறக் கோடு. அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்துதான் நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேரச் சென்றேன். 2015-இல் அண்ணன் மறைந்தார். அவருடைய மகன் அயல்நாட்டில் வேலையில் இருந்தமையால் வண்டி என் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு இறுதியில் அவன் ஊருக்கு வருவதாக எழுதியபோது, வண்டியைத் துடைத்துச் செப்பம் செய்து அவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எண்ணினேன்.

வண்டியில் கண்ணை உறுத்தியது ஒன்றே. தொட்டியின் இரு பக்கங்களிலும் புலி முகம் பொறித்த ஸ்டிக்கர் இரண்டு ஒட்டப்பட்டிருந்தன. ஆண்டுகள் பல ஆகிவிட்டமையால் நிறம் வெளுத்து, ஓரம் சுருண்டு, வெளியே கசிந்த பசையில் புழுதி படிந்து, புலி எது அழுக்கு எது என்று தெரியாத நிலையில் இருந்தன. ஒரு நாள் பிற்பகல், சவரம் செய்யும் பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு இடப்பக்கத்து ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினேன். முதலில் நன்றாகவே வந்தது. பிறகு பசை இறுகியிருந்த இடத்தில் கை சற்று அழுந்தியது. பொன்னிறக் கோட்டில் ஓர் அங்குல நீளம் வண்ணத்தோடு பெயர்ந்து, அடியில் இருந்த இரும்புத் தகடு வெளுப்பாகத் தெரிந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அண்ணன் கீறல் விழாமல் காத்துவந்த கோடு அது.

அன்று பிளேடைக் கீழே வைத்தவன், வலப்பக்கத்தைப் பல வாரங்கள் தொடவில்லை. இந்தப் பசை எதனால் ஆனது, ஏன் இப்படி இறுகுகிறது, வண்ணத்தை விட்டு அதை மட்டும் பிரிப்பதற்கு வழி உண்டா என்று படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஓர் உண்மை புலனாயிற்று. இன்று நாம் காணும் ஒட்டும் நாடாவும் ஸ்டிக்கரும் தோன்றிய கதையே, வண்டியின் வண்ணத்தைக் கெடுக்காமல் பசையை விடுவிப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்து பிறந்த கதைதான்.

கதையை முதலிலிருந்து தொடங்குவோம். அழுத்திய அளவில் ஒட்டிக்கொள்ளும் பசைக்குப் பழமையான மூலப்பொருள் ரப்பர். என் ஊர் குமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்தது. ரப்பர் மரங்களிடையே வளர்ந்தவன் நான். விடியுமுன் பால்வெட்டுவோர் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு செல்வதும், மரத்தில் சாய்வாக இட்ட வெட்டின் வழியே பால் சிரட்டையில் சொட்டுவதும் எனக்குக் குழந்தைப் பருவக் காட்சிகள். ஆயினும் இம்மரம் நம் மண்ணுக்கு உரியதன்று. தென் அமெரிக்கக் காடுகளே இதன் தாயகம். அங்கிருந்து 1736-இல் பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமீன் பாரிசு நகரத்து அறிவியல் கழகத்துக்கு மாதிரிகளை அனுப்பிய பின்னரே ஐரோப்பிய அறிஞர் இதனைக் கருத்துடன் நோக்கலாயினர்.

1770-இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, இப்பொருள் பென்சில் எழுத்தைத் தாளிலிருந்து நன்கு அழிப்பதைக் குறித்து எழுதினார். தேய்த்து அழிப்பது என்ற பொருளிலேயே இதற்கு 'ரப்பர்' என்னும் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது. ஆகவே, பின்னாளில் ஒட்டும் பசையாகப் புகழ் பெறவிருந்த பொருள், ஆங்கிலத்தில் தனக்கு வாய்த்த பெயரைப் பெற்றது அழிக்கும் வேலையினால். இந்த இரு பண்புகளும் ஒரே பொருளில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

அடுத்து வருபவர் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மக்கின்டாஷ். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பின் எஞ்சும் தாரிலிருந்து நாப்தா என்ற எண்ணெய் கிடைக்கும். அந்த நாப்தாவில் ரப்பர் கரைவதை அறிந்து, அக்கரைசலை இரண்டு துணிகளின் நடுவே தடவி, நீர் புகாத துணி செய்வதற்கு 1823-இல் அவர் உரிமை பெற்றார். மழை அங்கிக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வழங்கலாயிற்று. மழையில் அந்த அங்கி நன்கு பயன்பட்டது; ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. இக்குறையை நீக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். 1839-இல் அவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் மாறாமல் நிற்பதைக் கண்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். கந்தகத்தோடு பதப்பட்ட ரப்பரில், நூலிழை போன்ற நீண்ட அணுத்தொடர்கள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டுவிடுகின்றன. எண்ணெயில் இட்டால் அது ஊதும், கரையாது. மோட்டார் சைக்கிளின் டயர் இந்த இனம். முடிச்சிடப்படாத பச்சை ரப்பரோ எண்ணெயில் நெகிழ்ந்து கரையும். ஸ்டிக்கரின் பழைய வகைப் பசை இந்த இனம். ஒரே வண்டியில், தரையோடு உராய்ந்து ஓடுவதும் தொட்டியில் ஒட்டிக்கொண்டு விட மறுப்பதும் உறவுப் பொருள்களே. ஒன்றை மட்டும் எண்ணெயால் இளக்கலாம் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

ரப்பர் மரம் ஆசியாவுக்கு வந்த வரலாறும் நம்மவர்க்கு உரியது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியது. அம்மலாயாத் தோட்டங்களில் காடு திருத்தி, மரம் நட்டு, பால் வெட்டியோருள் பெருந்தொகையினர் தமிழர். உலகச் சந்தைக்குச் சென்ற ரப்பரில் அவர்களுடைய வியர்வை கலந்திருந்தது என்றால் மிகையன்று.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதற்கு முன் கோடரியால் கொத்திப் பால் எடுத்தமையால் மரம் புண்பட்டது. ரிட்லியின் முறையில், கத்தி மேற்பட்டையை மட்டும் மெல்லிய சீவலாக எடுக்கும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள வளர்படலத்தைத் தொடாது. தொட்டுவிட்டால் அவ்விடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். எங்கள் ஊரில் பால்வெட்டப் பழகும் இளைஞருக்கு முதலில் கற்பிக்கும் பாடம் இது. இதைக் கண்டு வளர்ந்த நான், மயிரிழை அளவே தடிப்புள்ள வண்ணப் பூச்சின்மேல் பிளேடை அழுத்தினேன்.

இனி பசையின் கதைக்கு வருவோம். ரப்பரோடு மரப்பிசின் சேர்த்துத் துணியில் தடவினால், நீரோ சூடோ வேண்டாமல், கைவிரல் அழுத்தத்தாலேயே அது ஒட்டும் என்பதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் 1845-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிளாஸ்திரிக்கு உரிமை பெறப்பட்டது. ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்து மருந்தாளர் பால் பையர்ஸ்டோர்ப் 1882-இல் பிளாஸ்திரி செய்முறை ஒன்றுக்கு உரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கிய நிறுவனத்தில் அதன்பின் செய்த ஒரு பிளாஸ்திரி, பலமாக ஒட்டியதேயன்றி மனிதத் தோலுக்கு ஒத்துவரவில்லை. அதனை வீணாக்காமல், 1896-இல் சைக்கிள் டயரின் ஓட்டையை அடைக்கும் நாடாவாக விற்றார்கள். தோலுக்காகப் பிறந்த பசை சக்கரத்துக்கு வந்தது இவ்வாறுதான்.

தோலில் இருந்து பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது மயிரும் வலியும் கூட வருவதை நாம் அறிவோம். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், தோல் மீண்டும் வளரும். வண்ணம் மீண்டும் வளராது. அந்தச் சிக்கல் முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது 1920-க்குப் பின், அமெரிக்க மோட்டார்ப் பட்டறைகளில்.

அதற்கு முன் கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் வகைப் பூச்சே பூசினார்கள். ஒரு காருக்குப் பல அடுக்குகள் பூசி உலர்த்துவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் உலகப் போர் முடிந்த பிறகு, வெடிமருந்துத் தொழிலில் பழகியிருந்த நைட்ரோ செல்லுலோசு என்ற பொருளிலிருந்து விரைவில் உலரும் புதுவகை வண்ணம் செய்தார்கள். ட்யூபாண்ட் நிறுவனம் 1923-ஆம் ஆண்டளவில் 'ட்யூகோ' என்ற பெயரில் அதனைக் கார்த் தொழிலுக்கு அளித்தது. வாரங்கள் ஆன வேலை சில நாட்களாகவும் மணிகளாகவும் சுருங்கியது. பல நிறங்கள் கிடைத்தன. உடனே மக்களுக்கு ஓர் ஆசை பிறந்தது: ஒரே காரில் இரண்டு நிறம் வேண்டும்.

இரு நிறம் பூசுவது எப்படி? ஒரு நிறத்தைப் பூசி உலர்த்தி, அதனைத் தாளால் மறைத்து, அடுத்த நிறத்தைத் தெளிக்க வேண்டும். மறைக்கும் தாளைப் பசையாலோ மருத்துவப் பிளாஸ்திரியாலோ ஒட்டினார்கள். வேலை முடிந்து தாளை உரித்தால், அடியில் இருந்த புது வண்ணமும் பெயர்ந்து வந்தது. தொழிலாளி மறுபடியும் பூச வேண்டும், முதலாளிக்கு நட்டம், பட்டறை முழுதும் வசைமொழி.

அந்த வசைமொழியைக் காதால் கேட்டவர் ரிச்சர்டு ட்ரூ என்ற இளைஞர். பொறியியல் படிப்புக்குப் பணம் திரட்ட நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்து, படிப்பைப் பாதியில் விட்டு, 1921-இல் செயின்ட் பால் நகரில் இருந்த மின்னசோட்டா மைனிங் அண்ட் மானுபாக்சரிங் என்ற நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்நிறுவனத்தை இன்று மூன்று எம் என்ற பொருளில் 'த்ரீ எம்' என அழைக்கிறோம். அன்று அதன் தொழில் உப்புத்தாள் செய்வது. புதிய உப்புத்தாளைக் கார்ப் பட்டறைகளில் சோதித்துப் பார்ப்பது ட்ரூவின் வேலை. அங்கே வண்ணம் பெயர்வதைக் கண்ட அவர், "வண்ணத்தைக் கெடுக்காத நாடா ஒன்றை நான் செய்து தருகிறேன்" என்று வாக்களித்துவிட்டார். எவ்வாறு செய்வது என்பது அப்போது அவருக்கே தெரியாது.

இரண்டு ஆண்டுகள் முயன்றார். எண்ணெய்களும் பிசின்களும் பலவற்றைக் கலந்து பார்த்தார். இடையில் நிறுவனத் தலைவர், நாடா வேலையை விட்டு உப்புத்தாளைக் கவனிக்குமாறு பணித்ததாகவும், ட்ரூ சில நாள் பணிந்துவிட்டு மீண்டும் நாடாவுக்கே திரும்பியதாகவும் கூறுவர். கடைசியில், மரத் தச்சர் பயன்படுத்தும் வச்சிரப் பசையோடு கிளிசரின் சேர்த்து, சுருக்கம் விழுந்த கிரேப் தாளில் தடவியபோது அவர் எண்ணியது கைகூடியது. 1925-இல் அந்த நாடா பட்டறைகளுக்குச் சென்றது. மறைநாடா என்று தமிழில் சொல்லத் தக்க அதனை இன்றும் வண்ணம் பூசுவோர் 'மாஸ்கிங் டேப்' என்றே வழங்குகின்றனர். முதல் நாடாவில் விளிம்புகளில் மட்டுமே பசை இருந்ததாம். எரிச்சலடைந்த ஒரு தொழிலாளி, "உன் கஞ்ச முதலாளிகளிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் பசை தடவச் சொல்" என்ற கருத்துப்பட, ஸ்காட்லாந்துக்காரரின் சிக்கனத்தைச் சுட்டிக் கேலி செய்தாராம். 'ஸ்காட்ச்' என்னும் வணிகப் பெயர் அக்கேலியிலிருந்து வந்தது என்பது அந்நிறுவனத்தார் வழிவழிச் சொல்லும் கதை.

ட்ரூ கண்ட உண்மையை ஒரு கணக்குப் போலக் கூறலாம். பசைக்கும் வண்ணத்துக்கும் உள்ள பிடிப்பு, வண்ணத்துக்கும் இரும்புக்கும் உள்ள பிடிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு, பசைக்கும் நாடாவின் முதுகுக்கும் உள்ள பிடிப்பு, பசைக்கும் வண்ணத்துக்கும் உள்ள பிடிப்பைவிட மிகுந்திருக்க வேண்டும். முதல் விதி தவறினால் வண்ணம் பெயரும். இரண்டாவது விதி தவறினால் தாள் வந்துவிடும், பசை தங்கிவிடும். ஒட்டவைப்பது எளிது, இந்த இரண்டு விதிகளும் பிறழாமல் விடவைப்பதற்குத்தான் அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1935-இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பவர், பின்தாளை உரித்து ஒட்டும் சிறு சீட்டுகளைச் செய்யத் தொடங்கினார். தமக்கு மனைவியாக வரவிருந்த மங்கையிடம் 100 டாலர் கடன் பெற்று, பழைய சலவை இயந்திரத்தின் மோட்டாரையும் தையல் இயந்திரத்தின் உறுப்புகளையும் இணைத்து அவர் அமைத்த இயந்திரமே இன்றைய ஸ்டிக்கர்த் தொழிலின் தொடக்கம். அச்சீட்டுக்கு அவர் இட்ட பெயர் 'கம் கிளீன்'. சுவடு படாமல் வந்துவிடும் என்பது அதன் கருத்து. கடைப் பொருளின் விலைச்சீட்டைக் கறையின்றி எடுக்க முடியும் என்பதே அதன் விற்பனைச் சிறப்பு. ஆகவே ஸ்டிக்கரும் பிறந்தபோது விட்டுப் போவதாக வாக்களித்துத்தான் பிறந்தது.

அப்படியானால் என் அண்ணன் வண்டியில் இருந்தது ஏன் விடவில்லை? இதற்கு விடை காலத்திலும் வெயிலிலும் உள்ளது. பிற்காலத்து ஸ்டிக்கர்கள் தாளில் அன்றி, பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் ஏட்டில் செய்யப்பட்டன. இயல்பில் விறைப்பான பி.வி.சி.யை, எண்ணெய் போன்ற ஒரு பொருள் சேர்த்து நெகிழவைக்கலாம் என்று 1926-இல் கண்டவர் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலார். அவர் அப்போது தேடிக்கொண்டிருந்தது, ரப்பரை இரும்போடு ஒட்டும் பசை ஒன்றை என்பது வியப்புக்குரியது. அந்த நெகிழ்த்தும் பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல ஏட்டிலிருந்து மெல்ல வெளியேறுகிறது. ஏடு சுருங்கி நொறுங்குகிறது. வெளியேறியது அடியில் உள்ள பசையில் கலந்து அதனைக் குழைய வைக்கிறது. மேலும், வெயிலும் காற்றில் உள்ள உயிர்வளியும் ரப்பர்த் தொடர்களை முதலில் துண்டாக்கிப் பிசுபிசுக்கச் செய்து, பின்னர் இறுகச் செய்கின்றன. ஆகவே ஒரே ஸ்டிக்கரின் கீழ் ஓரிடத்தில் பாகு போலவும் வேறோரிடத்தில் ஓடு போலவும் பசை இருக்கும். ஒரே அழுத்தத்தில் பிளேடை ஓட்டுபவன், பாகில் வழுக்கி ஓட்டில் இடறி, வண்ணத்தைக் கிழிக்கிறான்.

வண்ணமும் ஒரே வகை அன்று. புல்லட் வண்டிகள் நம் நாட்டில் பரவிய வரலாறு, இந்தியப் படைக்காக 800 வண்டிகளுக்கு இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் ஆணை கொடுத்ததில் தொடங்குகிறது. 1955-இல் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனம் அமைந்தது; திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-இல் இங்கிலாந்தில் அப்பெயர் கொண்ட வண்டிகளின் உற்பத்தி நின்றபோதும் சென்னையில் நிற்கவில்லை. அவற்றின் தொட்டியில் பொன்னிறக் கோட்டை இயந்திரத்தால் அன்றி, தூரிகை பிடித்த கையால் இழுக்கும் வழக்கம் தலைமுறையாகத் தொடர்ந்து வந்தது. அடிவண்ணம் எனாமல் வகையானால் காய்ந்து இறுகிய பின் எளிதில் கரையாது. பட்டறைகளில் மறுபடி பூசிய நைட்ரோ செல்லுலோசு வண்ணமாயின், எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டவுடன் கரையும். இந்நாளில் பூசும் பாலியூரித்தேன் பூச்சு இவ்விரண்டையும்விட உறுதியானது. தொடுவதற்கு முன் எது நம் வண்டியில் உள்ளது என்று அறிய வேண்டும். தொட்டியின் அடியில், கண்ணுக்குப் படாத ஓரிடத்தில், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். துணியில் நிறம் ஏறினால் அது கரையும் இனம்; அத்தகைய வண்ணத்தின் அருகில் தின்னரைக் கொண்டுசெல்லவே கூடாது.

இவ்வளவும் அறிந்த பின்னர் வலப்பக்கத்துக்கு வந்தேன். பெட்ரோலை முழுதும் வடித்து, தொட்டியைக் கழற்றி, மூடியிட்டு, அடுப்பும் புகையும் இல்லாத திறந்த முற்றத்தில் வைத்தேன். பெட்ரோல் ஆவியிருந்த தொட்டியின் அருகே தீப்பொறி எழுப்பும் எதனையும் கொண்டுவரலாகாது. ஆதலால், தலைமயிர் உலர்த்தும் மின்கருவியைப் பலர் பரிந்துரைத்தும் நான் நாடவில்லை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஸ்டிக்கரின்மேல் போட்டேன். சூடு தணிந்ததும் மாற்றினேன். நான்கைந்து முறை இவ்வாறு செய்ததும் ஓரம் இளகியது. நகத்தால் அதைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஏட்டை அதன்மேலேயே மடித்து, தொட்டியோடு ஒட்டினாற்போல மிக மெதுவாக இழுத்தேன். அவசரப்பட்டால் ஏடு அறுகிறது. மெதுவாக இழுத்தால் பசை நூல் நூலாக நீண்டு பிரிகிறது. உள்ளங்கை அளவு ஸ்டிக்கருக்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று.

ஏடு போன பிறகும் பசை தங்கியது. மக்கின்டாஷின் நாப்தாவை நினைவுகூர்ந்து, அதன் உறவினமான மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு, பசையின்மேல் மட்டும் சில நிமிடம் ஒற்றிவைத்தேன். தங்கக் கோட்டின்மேல் அது நெடுநேரம் தங்காதபடி அவ்வப்போது துடைத்தேன். பசை வெண்மையாக ஊதிக் குழைந்தது. மெல்லிய துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தபோது பெரும்பகுதி வந்துவிட்டது. இறுதியில் மெல்லிய படலம் ஒன்று மட்டும் எஞ்சியது.

அந்தப் படலத்துக்கு என் ஊர் எனக்கு வழி காட்டியது. ரப்பர் மரத்தின் வெட்டுவாயில் உலர்ந்து நாடா போல ஒட்டியிருக்கும் பாலை நாங்கள் ஒட்டுப்பால் என்போம். தோட்டத்துக்குச் சென்று கைப்பிடி ஒட்டுப்பாலை வாங்கி வந்து, உருண்டையாகத் திரட்டி, எஞ்சிய பசையின்மேல் மெல்ல உருட்டினேன். பசை தன் இனத்தைக் கண்டு அதனோடு போய் ஒட்டிக்கொண்டது. சிறு சிறு உருளையாகத் திரண்டு வந்தது. பிரீஸ்ட்லி தாளில் பென்சில் எழுத்தை அழித்தது போன்ற வேலைதான். சவுக்கார நீரால் கழுவித் துடைத்து, மெழுகு இட்டேன். வண்ணத்தில் ஒரு கீறலும் இல்லை. பொன்னிறக் கோடு முழுமையாக இருந்தது.

ஆயினும் ஒன்று போகவில்லை. புலி முகம் இருந்த இடத்தில் கருஞ்சிவப்பு பழைய ஆழத்தோடு அப்படியே இருந்தது. சுற்றிலும் இருபத்தைந்து ஆண்டு வெயில் அதனை வெளுக்கச் செய்திருந்தது. ஆகவே ஸ்டிக்கர் போன பின்னும் அதன் உருவம் நிழல் போலத் தெரிந்தது. இது பசையின் குற்றமன்று. எண்ணெயாலும் துணியாலும் இதனை நீக்க முடியாது.

அவ்வாண்டு இறுதியில் அண்ணன் மகன் வந்தான். நான் முதலில் இடப்பக்கத்தைக் காட்டி, என் பிழையைச் சொன்னேன். அவன் அதைச் சிறிது நேரம் பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வலப்பக்கம் சென்று, அந்த நிழலின்மேல் விரலை ஓட்டினான்.

"சித்தப்பா, இதை நான் எட்டு வயதில் ஒட்டினேன். அப்பாவைக் கேட்காமல் ஒட்டினேன். மாலையில் அவர் வந்து பார்த்தபோது அடி விழும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'இடப்பக்கம் கொஞ்சம் சாய்வாக ஒட்டிவிட்டாயே' என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு எடுக்கவே இல்லை" என்றான்.

துடைத்த துணியில் ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் மாற்றுகிற என் அண்ணன், அந்த இரண்டு புலிகளையும் வண்டியில் விட்டுவைத்திருந்தது மறதியால் அன்று என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. நான் அழுக்கென்று கருதியதை அவர் காத்து வந்திருக்கிறார். இரும்பையும் வண்ணத்தையும் பசையையும் பற்றி எவ்வளவோ படித்தேன்; எடுக்கலாமா என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இரு பக்கத்தையும் புதிதாக வண்ணம் பூசித் தருவதாகக் கூறினேன். அவன் வேண்டாம் என்றான். இடப்பக்கத்தில் இரும்பு தெரிந்த ஓர் அங்குலத்தில் துரு ஏறாதபடி சிறிது வண்ணம் மட்டும் தொட்டுவைக்கச் சொன்னான். அவ்வாறே செய்தேன். கோடு அவ்விடத்தில் அறுந்துதான் நிற்கிறது. வலப்பக்கத்து நிழல் இன்னும் சில ஆண்டு வெயிலில் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும்.

உங்கள் இல்லத்திலும் பழைய வண்டியிலோ பீரோவிலோ இப்படி இறுகிப்போன ஒட்டு ஏதேனும் இருக்கலாம். அதனை எடுக்க வெந்நீரும் மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும், பிளேடு வேண்டா. தொடங்குவதற்கு முன், அதனை ஒட்டியவர் யார் என்று மட்டும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.